சுப்புணியின் கணையம்

திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி நான்கைந்து வாய்களில் ஊறி உப்பியிருந்தது. கரமனையில் பூக்கட்டுகிற ஒருத்தியின் ஓர்ப்படி கண்ணால் பார்த்தாளாம். சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்து வண்டி ஒன்று சந்து சந்தாகப் போய்ச் சாக்கில் பூனை பிடிக்கிறதாம். பிடித்த பூனைக்கு லட்டும் ஜிலேபியும் ஊட்டி, சர்க்கரை வியாதி வரவழைத்து, வயிற்றைக் கிழித்து, உள்ளேயிருந்து ஏதோ ஒரு பசையை எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்களாம். கோவில் வரிசையில் இதைக் கேட்டுக்கொண்டு வந்த விசாலம், பிரசாதத் தொன்னையைக் கீழே வைக்கும் முன்பே நாத்தனார் மங்கலத்திடம் ஒப்பித்துவிட்டாள்.

மங்கலம் புடலங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பூனைக்குத் தித்திப்பே தெரியாது மன்னி. லட்டைக் குடுத்தா மோந்து பாத்துட்டுப் போயிடும். கதை கட்டறவா அதையாவது தெரிஞ்சுண்டு கட்டப்படாதோ?"

அந்த வதந்தியில் வந்த பூனையான சுப்புணி அப்போது அவள் காலடியில்தான் படுத்திருந்தது. சாக்கும் கிடையாது, லட்டும் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் சத்தியநேசன் என்கிற ஆராய்ச்சிக்கூடத்து டெக்னீஷியன் ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து, சுப்புணியின் காதோரம் ஊசியால் ஒரு குத்துக் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு போவான். ஊர் சொன்ன சர்க்கார் வண்டி அதுதான். மன்னிக்கும் அது தெரியும். தெரிந்தும், கோவில் வரிசையில் கேட்டதையே அவள் அதிகம் நம்பினாள்.

மங்கலத்துக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது. ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகாமல் போனதற்குத் தெரு நாலு விதமாகக் காரணம் சொல்லும். எதையும் அவள் திருத்தியதில்லை. அண்ணா சேஷன் போன பிறகு அந்த வீட்டில் அவளும் மன்னியும்தான். அண்ணாவுக்கும் சர்க்கரை வியாதி. கடைசியில் ஒரு காலை எடுத்தும் நிற்கவில்லை. சேஷனுக்கு வந்தபோது, பாவம், ஆபீஸ் தொந்தரவு, ஓயாத அலைச்சல் என்று தெரு உச்சுக்கொட்டியது. மங்கலத்துக்கு வந்தபோது அதே தெரு அவள் நாக்கைச் சுட்டிக் காட்டியது. வாயைக் கட்டச் சொல்ல ஆள் இல்லாத பொம்மனாட்டி, சம்பளம் வாங்கித் தின்கிறாள், வராமல் என்ன செய்யும் என்றது. ஒரே வியாதிதான். ஆணுக்கு வந்தால் உழைப்பின் பலன், பெண்ணுக்கு வந்தால் தீனியின் பலன்.

நாற்பதைத் தாண்டியதிலிருந்து அவள் பாயசத்தைத் தொட்டதில்லை. யார் நம்பினார்கள்? கல்யாணப் பந்தியில் பாலடைப் பிரதமன் வாளி அவள் இலைக்கு மூன்று இலை தள்ளி வரும்போதே யாராவது ஒரு மாமா, "மங்கலத்துக்கு விடாதே, அவளுக்கு சுகர்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுப்பார். இலையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிச் சொன்ன மாமாவின் சட்டைப் பையிலும் அதே மாத்திரைதான் இருக்கும். அவர் இலையில் பிரதமன் இரண்டு முறை விழும்.

டாக்டர்கள் தெருவைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே கண்ணை உயர்த்தி, "எந்தா மங்கலம், கல்யாண ஸீஸனோ?" என்பார்கள். படிப்பதற்குப் பத்து வருஷம் செலவழித்துவிட்டு மண்டபத்து மாமா சொன்னதையே சொல்கிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு வரும்.

சுப்புணி அந்த வீட்டில் தயிர்சாதத்திலும் நெய்யிலும் பாலாடையிலும் வளர்ந்தது. நடந்தால் வயிறு ஒரு பக்கம், அது ஒரு பக்கம் போகும். கிழம் தட்டிய பிறகு ஒரு கோடையில் அது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கொல்லையில் அது நனைத்த மணலில் எறும்பு மொய்த்தது. எறும்பைப் பார்த்ததும் மங்கலத்துக்குப் புரிந்துவிட்டது. தன் மூத்திரத்தைச் சோதிக்க வைத்திருந்த நீலத் திரவத்தில் அந்த ஈரத்தைக் கலந்து காய்ச்சினாள். கண்ணாடிக் குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. மிருக டாக்டரிடம் கொண்டு போனாள். அவர் சிரித்தார். சர்க்கரை எல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுப் பூனைக்கு வருகிற வியாதி என்றார். அன்று சாயங்காலம் அதை ஒரு தமாஷாக அவர் கிளப்பில் சொல்ல, அது ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் தாணுமாலையன் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் அவர் வலியசாலைக்குக் காரில் வந்து இறங்கினார்.

தாணுமாலையன் தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரர். குளிர் நாடு ஒன்றில் சில வருஷம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்துவிட்டுத் திரும்பியவர். சர்க்கரை வியாதிக்காரர்களின் கணையத்தில், இன்சுலின் சுரக்கிற சின்னச் சின்னத் திட்டுகளில், ஒரு புரதம் கட்டிதட்டிப் படிகிறது. அந்தப் படிவுதான் திட்டுகளை மெல்லக் கொல்கிறது என்பது அவர் பிடித்த பிடி. அதை நிரூபிக்க எலிகளை எடுத்துக்கொண்டார். எலிக்கு மருந்து குத்திச் சர்க்கரை வியாதி வரவழைப்பது சுலபம். வந்தது. எலிகள் தண்ணீராய்க் குடித்தன, தண்ணீராய்ப் பெய்தன, செத்தன. வெட்டிப் பார்த்தால் படிவு இல்லை. மறுபடி குத்தினார், மறுபடி வெட்டினார். எலியின் புரதம் மனிதனுடையதைப் போலக் கட்டிதட்டாது என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்து வெகுகாலமாகியிருந்தது. அந்தப் பத்திரிகை கப்பலில் வந்து, பைண்டிங்குக்குப் போய், ஆராய்ச்சிக்கூடத்து நூலகத்தின் அலமாரியில் ஏறுவதற்குள் எலிகளில் பல தலைமுறை கழிந்துவிட்டது. விஷயம் தெரிந்த பிறகும் அவர் உடனே நிறுத்திவிடவில்லை. நிதி எலிக்கென்று வந்தது. எலிக்கு வந்ததை எலிக்குத்தான் செலவழித்தாக வேண்டும். ஆகவே, இல்லை என்று தெரிந்த ஒன்றைத் தேடி மேலும் கொஞ்ச காலம் எலிகள் செத்துக்கொண்டிருந்தன.

மனிதனின் ஜீனை ஏற்றி வளர்த்த சுண்டெலிகள் அமெரிக்காவில் உண்டு. அவற்றுக்குப் படியும். அவற்றை வரவழைக்கும் ஃபைல் டில்லியில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. குரங்குக்கும் மனிதனைப் போலவே படியும்; ஆனால் குரங்குக்கு அனுமதி வருவதற்குள் அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். மிச்சம் பூனை. அதிலும் வயசான, கொழுத்த, வீட்டுப் பூனை. திருவனந்தபுரத்துப் பூனைகளோ சாளைமீன் தலைக்குச் சண்டை போட்டு, மதில் ஏறி, ஆட்டோவுக்குத் தப்பி, சர்க்கரை வருகிற வயசை எட்டுமுன்பே போய்ச் சேர்கிறவை. அப்படிப்பட்ட ஊரில் சுப்புணி ஒரு புதையல்.

டாக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மங்கலத்துக்கு விளக்கினார். அந்தப் புரதத்தை அப்பளம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மனிதனுக்கும் பூனைக்கும் அப்பளம் தட்டையாக இருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கிறது. எலியுடையது பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது, அடுக்கினால் நிற்காது. மங்கலத்துக்கு விஷயம் புரிந்தது. அடுக்களையைத் தாண்டி இவளுக்கு ஒன்றும் புரியாது என்று அவர் எண்ணியதும் சேர்த்துப் புரிந்தது.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். ஒரே ஒரு இன்ஜெக்‌ஷன், தூங்கிப் போய்விடும், வலியே இருக்காது.

கதவிடுக்கில் நின்றிருந்த மன்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பூனையைக் கொன்னா தங்கத்துல பூனை பண்ணித் தானம் குடுக்கணும்னு இருக்கு. உங்க ஆபீஸ்ல அதுக்கு சாங்ஷன் உண்டா?"

மங்கலம் அந்த அளவுக்குக் கூடப் பேசவில்லை. "அது செத்தா தரேன். சாகடிக்கத் தர மாட்டேன்" என்றாள். "எனக்குப் போட்டுக்கற இன்சுலின்ல அதுக்கும் ஒரு சொட்டுப் போடறேன். நீங்க வேணா ரத்தம் எடுத்துண்டு போங்கோ."

டாக்டருக்கு வேறு வழி இருக்கவில்லை. செத்தவுடன் ஃபோன் பண்ண வேண்டும் என்றார். மற்ற உறுப்புகள் காத்திருக்கும். கணையம் காத்திருக்காது, அதன் ஜீரணச் சாறே அதைத் தின்ன ஆரம்பித்துவிடும். குளிரில் வைத்தால் சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும், ஆனால் ஐஸாக உறையக் கூடாது. உறுப்பைக் கெடாமல் காக்கிற ஃபார்மலின் ஒரு பாட்டிலை இவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று கூட வந்திருந்த சத்தியநேசன் மெதுவாகக் கேட்டான். பொதுஜனத்தின் கையில் கொடுக்க விதி இல்லை என்று டாக்டர் முடித்துவிட்டார்.

ஒப்பந்தத்துக்குக் கைம்மாறாக மங்கலம் ஒன்று கேட்டாள். மனிதக் கணையத்தில் இது எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். சிவப்புச் சாயம் ஏற்றின கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, ஒரு வில்லையைத் திருப்பினான் சத்தியநேசன். இருட்டில் வாழைக்குருத்துப் பச்சை ஒன்று திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது தித்திப்புத் தின்னு வந்ததா ஸார்?"

"எல்லாத்துக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாதம்மா. உடம்பு பருமன், வயசு, பரம்பரை, எல்லாம் உண்டு. தித்திப்பு மட்டுமே இதைப் பண்ணாது."

நடுவில் சொன்னதை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். படிக்காதவர்கள் அப்படி எடுத்துக்கொண்டால் அவளே கிண்டல் செய்வாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒரு திட்டம் உருவாகிவிட்டது. தித்திப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு ஜந்து சுப்புணி. அதன் கணையத்தில் இதே பச்சை இருந்தால் அதைப் படம் பிடித்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் அண்ணா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவாள். வருகிறவர்கள் என்னது இது என்று கேட்பார்கள். அப்போது சொல்லிக்கொள்ளலாம். மண்டபத்து மாமாக்களுக்கும் மன்னிக்கும் மூக்குக்கண்ணாடி டாக்டர்களுக்கும் சேர்த்து ஒரே பதில். படம் தருவதாக டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

ஆனால் சுப்புணி சாகவில்லை. இன்சுலின் பட்டதும் மயிர் பளபளத்தது, மதில் ஏறியது, பக்கத்து வீட்டுப் பெண்பூனையிடம் வம்புக்குக்கூடப் போனது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வாரம் தவறாமல் ஃபோன் வரும். சுப்புணி எப்படி இருக்கு என்று டாக்டர் கேட்பார். நன்னா இருக்கு என்று சொன்னால் அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். எழவு விழக் காத்திருக்கிற பங்காளியின் மௌனம் அது. அவருடைய திட்டத்துக்கான காலம் முடிந்து, நீட்டிப்புக் கேட்டு, நீட்டிப்பும் முடியப் போயிற்று.

"ஸாரு டில்லியில கான்ஃபரன்ஸ்ல பேசினாரு மாமி" என்று ஒரு வெள்ளிக்கிழமை சத்தியநேசன் சொன்னான். அவனுக்குப் பாறசாலைப் பக்கம். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் வரும். "நம்ம பூனைக் காலனின்னு சொன்னாரு. ஆராய்ச்சிக்கு வளக்குற பூனைக் கூட்டத்துக்கு அப்படித்தான் பேரு."

"எந்தக் காலனி?"

"இதுதான்" என்று அவன் சுப்புணியைக் காட்டினான்.

மங்கலம் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அதுமுதல் பால் வைக்கும்போது, "காலனி, வாடா" என்று கூப்பிடுவாள்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து, மாசியை ஒட்டி வருகிற மலையாளக் கும்ப மாதம் வந்தபோது சுப்புணி ஒடுங்கிவிட்டது. மூத்திரப்பை கெட்டது, பின்னங்கால் இழுத்தது. வெள்ளிக்கிழமை ரத்தத்திலிருந்து சங்கதியை மோப்பம் பிடித்த டாக்டர் தினமும் ஃபோன் பண்ண ஆரம்பித்தார். ஒரு நாள் ஆபீஸுக்கே பண்ணிவிட்டார். செக்‌ஷன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் ரிசீவரில் நிதானமாகச் சொன்னாள்.

"இனிமே நீங்க கூப்பிட வேண்டாம். போச்சுன்னா நானே கூப்பிடுவேன். அதுவரைக்கும் உங்க காலனியை வெச்சுண்டு டில்லிக்குப் போய்ட்டு வாங்கோ."

மேஜைக்குத் திரும்பியபோது அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. இப்படி ஒரு பதில் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சத்தியநேசன் ரத்தம் எடுத்துவிட்டுப் போகத் தயங்கி நின்றான். வருகிற வாரம் ஆற்றுக்கால் பொங்காலை, பகவதிக்குப் பெண்கள் தெருவில் பொங்கல் வைக்கிற நாள். ஊரே அடைத்துக் கிடக்கும். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எங்களுக்குப் பொங்காலை இல்லேல்லா மாமி. முந்தின நாளே வந்து லாட்ஜுல நிக்கட்டா? இல்லேன்னா எங்க வீட்டு எதிர்க்கடை நம்பர் எழுதித் தாறேன். கூப்பிட்டாச் சொல்லிருவாவ."

கனிவாகத்தான் கேட்டான். ஆனால் அவளுக்கு அதிலும் டாக்டரின் அவசரமே கேட்டது. "ஏன், பாடையும் கட்டிக் கொண்டு வரேளா? உங்க ஸார் நாள் பாத்துக் குடுத்துட்டாரா?" என்றாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. நம்பர் எழுதாமலே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

பொங்காலை அன்று திருவனந்தபுரத்தில் தெருவே இல்லாமல் போய்விடும். கோவிலைச் சுற்றி எத்தனையோ மைலுக்கு ரோடு, சந்து, பஸ் ஸ்டாப், பாங்க் வாசல் எல்லா இடத்திலும் மூன்று செங்கல், ஒரு மண்பானை, ஒரு பெண். ஆபீஸுக்கெல்லாம் லீவு. வலியசாலையில் வாசலுக்கு வாசல் அடுப்பு. மன்னி தன் தங்கைகளையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே வாசலில் செங்கல் போட்டு இடம் பிடித்திருந்தாள். பச்சரிசி, வெல்லம், தேங்காய், நெய் எல்லாம் முறத்தில் தயார். மங்கலம் உள்ளே சுப்புணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரி முதல் அது பாலைத் தொடவில்லை.

கோவில் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. கோவிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் தீ வைத்தாயிற்று என்று அர்த்தம். தெரு முழுக்கப் பெண்களின் குரவை ஒலி எழுந்தது, ஓலை பற்றிக்கொள்கிற சத்தம் எழுந்தது. கூடத்துக்குள் புகை வந்தது. மங்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபோது சுப்புணியின் வயிறு ஏறி இறங்குவது நின்றிருந்தது.

அவள் அழவில்லை. கையை வைத்துப் பார்த்தாள், காதருகே குனிந்து கேட்டாள், பிறகு எழுந்து ஃபோனுக்குப் போனாள். ஆராய்ச்சிக்கூடத்து நம்பர் மனப்பாடம். மணி அடித்தது. ஓய்ந்தது. டாக்டர் வீட்டுக்குப் போட்டாள். அவர் பையன் எடுத்தான். "அச்சன் நாகர்கோவிலுக்குப் போயி. இந்நு வழியெல்லாம் அடைக்குமல்லோ. அம்மா பொங்காலைக்கு" என்று சொல்லிவிட்டு, யார் என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டான். இத்தனை வருஷம் ஒரு பூனையின் சாவுக்குக் காத்திருந்த மனிதர், அது சாகக்கூடிய ஒரு நாளில் ட்ராஃபிக்குக்குப் பயந்து ஊரை விட்டுப் போயிருக்கிறார். சத்தியநேசன் வீட்டு எதிர்க்கடை நம்பரோ அவளிடம் இல்லை. இல்லாததற்கு யார் காரணம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆட்டோ பிடித்துத் தானே கொண்டு போகலாமா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் அடுப்பும் புகையும் ஈரப் புடவையும். ஆட்டோ என்ன, சைக்கிள்கூட நுழையாது. நடக்கலாம் என்றால், சர்க்கரையால் ஆறாமல் கிடந்த அவளுடைய கால் புண் தெருமுனைக்குக்கூட ஒத்துழைக்காது. போய்ச் சேர்ந்தாலும் அங்கே பூட்டுத்தான்.

திரும்பி வந்து சுப்புணியை ஒரு பழைய துண்டில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் தோசைமாவு இருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். வெல்லப்பாகுக்குக் கரண்டி எடுக்க உள்ளே வந்த மன்னி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி அது பையில?"

"சுப்புணி."

"போயிடுத்தா?" மன்னியின் குரல் ஒரு நிமிஷம் இளகியது. பிறகு கண் தோசைமாவுக்குப் போயிற்று. "பகவதிக்குப் பொங்காலை பொங்கிண்டிருக்கு வாசல்ல. நீ பிணத்தைக் கொண்டு ஃபிரிட்ஜ்ல வெக்கறயா? அந்த ஃபிரிட்ஜை நாளைக்கு யார் தொடுவா?"

"நான் தொடுவேன். என் இன்சுலின் இதுலதான் இருக்கு. அதோட இன்சுலினும்."

"உனக்கென்ன பித்தா? ஒரு பூனை வயித்துல என்ன இருக்குன்னு பாத்து உனக்கு என்ன ஆகப்போறது?"

மங்கலம் பையை நடுத்தட்டில் வைத்தாள். பதில், சட்டம் போட்ட படமாகத்தான் வர வேண்டும் என்று இத்தனை நாள் தீர்மானித்து வைத்திருந்தாள். வாயால் சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு. ஃபிரிட்ஜை மூடி, அதன் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மன்னி கரண்டியை எடுத்துக்கொண்டு, தோசைமாவையும் தூக்கிக்கொண்டு, வாசலுக்குப் போய்விட்டாள்.

பிறகு அவளுடைய வேலை ஃபோனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நடப்பதாக ஆயிற்று. கேட்டில் வாட்ச்மேன் இருப்பான், மணிச் சத்தம் கேட்டு எடுப்பான் என்று முதலில் நினைத்தாள். அவன் பெண்டாட்டியும் எங்கோ ஒரு ரோட்டோரம் பானை வைத்திருப்பாள், அவன் அவளுக்குச் சுள்ளி ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பான் என்று பிறகு தோன்றியது. அந்த ஃபோன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மைக்ரோஸ்கோப் மேஜைக்கு எதிர்ச் சுவரில், எலிக்கூண்டுகள் இருந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில். இப்போது அந்த அறையில் மணிச் சத்தத்தைக் கேட்பதற்கு எலிகள்கூட இல்லை. இங்கே துண்டுக்குள், தன்னைத்தானே தின்னும் அந்த உறுப்பு தின்ன ஆரம்பித்திருக்கும். குளிரில் சில மணி நேரம் என்றாரே டாக்டர், அது எத்தனை மணி? அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன அன்று தோன்றாமல் போயிற்று. பச்சையைப் பார்த்ததில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

மத்தியானம் சாய்ந்தது. வெல்லம் கொதித்து நெய்யோடு சேர்ந்த வாசனை வீட்டுக்குள் ஒவ்வொரு மூலையிலும் வந்து உட்கார்ந்திருந்தது. நைவேத்தியத்துக்குப் பூசாரி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்துவிட்டார். தெரு மறுபடி குரவையிட்டது. பானைகள் இறங்கின. மங்கலம் மறுபடி டயலைச் சுழற்றினாள். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.

வாசலில், மன்னியின் தங்கை இலைக் கிண்ணத்தில் பாயசத்தை எடுத்துக்கொண்டு படியேறுகிற காலடி கேட்டது. அதன் பின்னால், தெருவில் இருக்கிற அத்தனை அடுப்புக்கும் கேட்கும்படி மன்னியின் குரல் வந்தது.

"உள்ளே கொண்டு போகாதே. மங்கலத்துக்கு ஆகாது, அவளுக்கு சுகர்."

மங்கலம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.